வந்த கரண்டை நம்பாத பெட்டி

ஜெனிட்டாவுக்கு மெதுவாகப் பேசவே வராது. சந்தோஷம் வந்தால் இன்னும் மோசம். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும், பாதி வாக்கியத்திலேயே கை விரல்கள் எதையாவது தட்டத் தொடங்கிவிடும். கீழ்வேளூரை ஒட்டிய எங்கள் ஊரில் அவளைத் தெரியாதவர் யாரும் இல்லை. நவீன அரிசி ஆலையில் எலக்ட்ரீஷியன். நாகப்பட்டினம் ஐ.டி.ஐ.யில் படித்தபோது அந்தப் பிரிவில் இருந்த பெண்கள் இரண்டே பேர். அவர்களில் பாதியில் நிற்காமல் முடித்தவள் இவள்.

அப்பா பெரியநாயகசாமி வயல் வேலைக்குப் போகிறவர். அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்: "சின்ன வயசுல கரண்ட் போயிட்டு வந்தா எல்லாப் புள்ளைங்களும் 'ஹே'ன்னு கத்திட்டு விட்ட ஆட்டத்தை ஆடப் போயிடும். இவ மட்டும் ஓடிப் போய் மீட்டர் பொட்டிக்குக் கீழ நிப்பா. எங்கேருந்து வருதுன்னு பாக்கணுமாம்."

அவள் கணவன் ஆன்டோ பந்தல், ஜெனரேட்டர், விளக்கு எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். நிதானமான ஆள். அவள் நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்கும் நேரத்தில் அவன் ஒரு தடவை செருப்பு மாட்டுவான். இருவருக்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. சண்டை போட இருவரும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டுமே.

எங்கள் ஊரில் கோடையில், நெல் எல்லாம் களத்தைவிட்டுப் போன பிறகு, பெண்களுக்கான வாலிபால் போட்டி நடக்கும். மாலையில் தொடங்கி விளக்கு வெளிச்சத்தில் ஆடுவார்கள். திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து அணிகள் வரும். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். போட்டி நாட்களில் மட்டும் மைக்கைப் பிடித்து ஸ்கோர் சொல்கிறவன். அதனால் நடந்த எல்லாவற்றையும் மேடையிலிருந்தே பார்த்தேன்.

போன வருட இறுதிப் போட்டியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கீழ்வேளூர் அணிக்கும் மயிலாடுதுறை அணிக்கும் ஆட்டம். கடைசி செட் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது காற்று கிளம்பி எங்கோ கம்பி அறுந்து கரண்ட் போனது. ஆன்டோ ஜெனரேட்டரைப் போட்டான். ஆனாலும் விளக்கு எரியவில்லை.

எங்கள் மைதானத்தில் இருப்பவை பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள். ஒரு தொழிற்சாலையில் கழித்துப் போட்டதை விழாக் குழு வாங்கி வந்தது. நல்ல வெளிச்சம், ஆனால் கெட்ட குணம் ஒன்று உண்டு. எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு நொடி கரண்ட் போனாலும் அணைந்துவிடும். அணைந்தால் சூடு ஆறும்வரை திரும்பப் பற்றாது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் கால்மணி நேரம் இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

உட்கார்ந்தோம். விளக்குகள் மெல்ல மெல்ல உயிர் பெற்றன. ஆட்டம் தொடங்கி இரண்டு பாயிண்ட் போயிருக்கும், பக்கத்துத் தெரு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. "கரண்ட் வந்துடுச்சு!" என்று கூட்டமே கத்தியது. ஜெனிட்டா சந்தோஷத்தில் ஓடிப் போய் மாற்றுச் சுவிட்சை ஜெனரேட்டரிலிருந்து லைன் பக்கம் இழுத்தாள். இழுத்த அந்தக் கண நேர இடைவெளி போதும். அத்தனை விளக்கும் மறுபடி அணைந்தன. அவை ஆறுவதற்குள் லைன் கரண்டும் இன்னொரு முறை போய் வந்தது.

பொறுத்துப் பார்த்த நடுவர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, டார்ச் வெளிச்சத்தில் காசு சுண்டிப் போட்டார். கோப்பை மயிலாடுதுறைக்குப் போனது.

கீழ்வேளூர் கேப்டன் நூர்ஜஹான் அழவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண், எதற்கும் சட்டென்று கலங்காதவள். கைப்பட்டையைக் கழற்றிக்கொண்டே ஜெனிட்டாவிடம் வந்து, "அக்கா, தோத்திருந்தா வீட்டுக்குப் போயி தூங்கிருப்பேன். இதை என்னன்னு சொல்றது?" என்றாள்.

ஜெனிட்டாவுக்கு அன்று தூக்கம் போனது. ஆனால் அவள் வருத்தப்படும் விதமே வேறு. மறுநாள் காலையில் நான் டீக்கடையில் இருந்தபோது சைக்கிளை ஸ்டாண்டுகூடப் போடாமல் சாய்த்துவிட்டு வந்தாள்.

"சார், கரண்ட் போனது பிரச்சினையே இல்ல சார். போன கரண்டுக்கு ஜெனரேட்டர் இருக்கு. வந்த கரண்டுதான் சார் நம்மளைக் கவுத்துச்சு!"

"என்னம்மா சொல்ற?"

"எங்க மில்லுல கரண்ட் போயி வந்தா எல்லா மோட்டரையும் ஒண்ணா போடவே மாட்டோம். முதல்ல ஒண்ணு, அது வேகம் புடிச்சப்புறம் அடுத்தது, அப்படி வரிசையாத்தான் ஏத்துவோம். இல்லன்னா மொத்தமா ட்ரிப் ஆயிடும். விளக்கையும் அப்படி ஏத்தினா என்ன? பாதியை ஜெனரேட்டர்லயே விட்டுட்டு, பாதியை மட்டும் லைனுக்கு மாத்தினா? அது ஆறிப் பத்தினப்புறம் மீதிப் பாதி! மைதானம் ஒருநாளும் இருட்டாகாது சார்!"

சொல்லிக்கொண்டே டீக்கடை மேசையில் தாளம் போட்டாள். என் டீ ததும்பிக் கீழே கொட்டியது.

எல்லா விளக்கையும் எல்.ஈ.டி.யாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். எல்.ஈ.டி. போட்டதும் எரியும், ஆற வேண்டியதில்லை. ஆனால் விழாக் குழுவால் நான்கு எல்.ஈ.டி. விளக்குதான் வாங்க முடிந்தது. நாலு மூலைக்கு ஒன்று. பழைய விளக்குகள் ஆறும்வரை அந்த நான்கும் எரிய வேண்டும், அவை திரும்ப வந்ததும் தானாக அணைய வேண்டும். இதையெல்லாம் மனிதக் கை செய்யக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

"கை இருந்தா அவசரப்படும்ங்க," என்று ஆன்டோவிடம் சொன்னாள். "என் கைதானே அன்னைக்கு இழுத்துச்சு."

"உன் கையை மட்டும் சொல்லு," என்றான் ஆன்டோ. "என் கை இன்னும் அங்க போய்ச் சேர்ந்திருக்காது."

அரிசி ஆலையில் ஒரு பழைய மோட்டார் பேனல் மூலையில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தாள். அதிலிருந்த டைமர்களையும், கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற கான்டாக்டர்களையும் கழற்றித் துடைத்து, வீட்டு வராந்தாவில் ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டினாள். விளக்குக்குப் பதிலாகச் சின்ன பல்புகளை வரிசையாக மாட்டிச் சோதித்தாள். பிளக்கைப் பிடுங்குவாள், மாட்டுவாள், பல்புகள் வரிசையாக எரிந்தால் வீடே கேட்கிற மாதிரி ஒரு கூச்சல். எரியாவிட்டாலும் கூச்சல்தான். அம்மா சகாயம்மாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காதில் கையை வைத்துக்கொண்டே போவார்.

வேலை முடிந்ததென்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அந்த அவசரத்தில்தான் அடி வாங்கினாள்.

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா வந்தது. தேர்பவனி அன்று சாயங்காலம் கோயில் முற்றம் முழுக்க ஆன்டோ கட்டிய விளக்குகள், மைதானத்துப் பழைய விளக்குகளும் நான்கு எல்.ஈ.டி.யும்தான். அந்தப் பெட்டியை அங்கே மாட்டினாள். மாதாவின் தேர் முற்றத்துக்குள் திரும்புகிற நேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, எல்.ஈ.டி. எரிந்தது, பழைய விளக்குகளும் வரிசையாக வந்தன. ஜெனிட்டா குதித்தாள். அப்புறம் லைன் கரண்ட் வந்தது. வந்த வேகத்தில் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. பெட்டி ஒவ்வொரு தடவையும் அதை நம்பி மாற, உள்ளே கான்டாக்டர்கள் டடடடவென்று அடித்துக்கொண்டன. கடைசியில் ஜெனரேட்டரும் சுமை தாங்காமல் ட்ரிப் ஆனது. முற்றம் கும்மிருட்டு.

யாரோ ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பக்கத்தில் இருந்தவர் அதிலிருந்து இன்னொன்றை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்க நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சுடர்கள், நடுவே தேர். கூட்டம் தானாகப் பாடத் தொடங்கியது.

பவனி முடிந்ததும் பங்குத்தந்தை அவளைத் தேடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நின்றாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா ஜெனிட்டா. மனசைத் தொட்டுடுச்சு. அடுத்த வருஷமும் அந்த இடத்துலயே அணைச்சிடு."

"சரிங்க ஃபாதர்," என்றாள். ஆன்டோ ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன தப்பு என்று பிடிபட்டுவிட்டது. வந்த கரண்டை உடனே நம்பக் கூடாது. அது சில நிமிடம் அறுபடாமல் நின்று காட்டட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு டைமரைச் சேர்த்தாள். நான்கு எல்.ஈ.டி.களையும் லைனிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் பிரித்து, பேட்டரிக்குக் கொண்டுபோனாள். எது கவிழ்ந்தாலும் அந்த நான்கும் நிற்கும். பழைய விளக்குகளை இரண்டிரண்டாக ஏற்ற வைத்தாள். ஆன்டோ இந்த முறை பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளக்கைப் பிடுங்குவதும் மாட்டுவதும் ஆட்டுவதுமாக, லைன் கரண்ட் எத்தனை விதமாக ஏமாற்றுமோ அத்தனை விதமாகவும் ஏமாற்றிப் பார்த்தான். பெட்டி ஏமாறவில்லை.

இந்த வருடம் இறுதிப் போட்டிக்கு வந்தவையும் அதே இரண்டு அணிகள்தான். ஊரே மைதானத்தில் இருந்தது. மயிலாடுதுறை கேப்டன் ஸ்ம்ருதி கல்லூரி மாணவி, உயரமான பெண். நெட்டுக்கு மேலே கை நீட்டினால் எதிர்ப்பக்கத்துக்குச் சுவர் வைத்த மாதிரி இருக்கும். முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. பதினைந்து பாயிண்ட் கொண்ட கடைசி செட்டில் 10–10. மேற்கே மின்னிக்கொண்டிருந்தது. காற்றில் மண்ணும் வைக்கோல் தூசும் கலந்து வந்தன.

ஸ்ம்ருதி சர்வீஸ் போடப் பந்தை உயர்த்தியபோது கரண்ட் போனது.

கூட்டம் "ஐயோ" என்று சொல்ல வாயெடுத்தது. சொல்லி முடிப்பதற்குள் நாலு மூலையிலும் எல்.ஈ.டி. விளக்குகள் எரிந்தன! அந்த "ஐயோ" அப்படியே விசிலாக மாறியது. என் மைக் செத்திருந்தது. தொண்டை கிழிய "பத்துக்குப் பத்து!" என்று கத்தினேன். ஆன்டோவின் ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

நடுவர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். "வெளிச்சம் கம்மியாத்தான் இருக்கு. பந்தைப் போட்டுப் பாருங்க, தெரியுதா?"

சில பந்துகளைத் தட்டிப் பார்த்தார்கள்.

"தெரியுது சார்," என்றாள் ஸ்ம்ருதி.

"நல்லாவே தெரியுது சார், ஆரம்பிங்க," என்றாள் நூர்ஜஹான்.

ஆட்டம் தொடர்ந்தது. ஒவ்வொரு பாயிண்டும் நீண்டது. பந்து தரையைத் தொடவே மறுத்தது. நடுவில் டைம் அவுட், காற்றில் அழிந்த கோட்டுக்குத் திரும்பச் சுண்ணாம்பு. அதற்குள் விளக்குகள் ஆறிவிட்டன. முதல் கம்பத்தில் இரண்டு விளக்குகள் ஊதா நிறத்தில் கண் விழித்து மெல்ல வெளுத்தன. கூட்டம் ஆரவாரித்தது. அடுத்த கம்பம். அதற்கும் ஆரவாரம். ஒவ்வொரு ஜோடி விளக்குக்கும் பாயிண்ட் எடுத்த மாதிரி கைதட்டினார்கள். நடுவர் விசில் ஊதி அடக்க வேண்டியதாயிற்று. கடைசி ஜோடியும் வந்ததும் எல்.ஈ.டி. நான்கும் தாமாக ஒதுங்கிக்கொண்டன.

12–12. பக்கத்துத் தெருவில் விளக்குகள் பளிச்சிட்டன.

"கரண்ட் வந்துடுச்சு!"

விழாக் குழுத் தலைவர் இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாற்றுச் சுவிட்சை நோக்கி ஓடினார். அவருக்கு முன்னால் ஜெனிட்டா பாய்ந்து, பெட்டிக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"தொடாதீங்கண்ணே!"

"வந்துடுச்சும்மா! டீசல் வீணாப் போவுது!"

"போவட்டும்ண்ணே! அது இன்னும் நம்பல. நம்பினா அதுவே மாத்திக்கும்!"

"யாரு நம்பல?"

"பெட்டிண்ணே!"

இளையபெருமாள் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். அவர் இறக்கிவிட்ட அதே நேரம் தெரு விளக்குகள் அணைந்தன. திரும்ப எரிந்தன. மைதானத்தில் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. "அட!" என்றார். நான் மைக்கிலேயே சிரித்துவிட்டேன்.

14–13. கீழ்வேளூருக்கு ஒரு பாயிண்ட் போதும். கோப்பை மேசையில் இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. பந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். ஒரு பெண் விழுந்து புரண்டு தரைக்கு ஒரு சாண் மேலே பந்தை எடுத்தாள். நூர்ஜஹான் எம்பினாள். சரியாக அப்போதுதான் பெட்டி லைன் கரண்டை நம்ப முடிவு செய்தது. டக். லைனுக்கு மாறிய வடக்குப் பக்க விளக்குகள் எல்லாம் அணைந்தன, எல்.ஈ.டி. எரிந்தது. மைதானம் இருட்டாகவில்லை. ஆனால் நிழல்கள் எல்லாம் திசை மாறின. நூர்ஜஹான் அடித்த பந்து கோட்டுக்குள் விழுந்தது.

மைதானம் வெடித்தது. ஸ்ம்ருதி மட்டும் கையைத் தூக்கியபடி நின்றாள்.

"சார், பந்து வர்றப்போ லைட்டு மாறிச்சு. என் நிழலே முன்னாடி வந்து விழுந்துச்சு."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. "அதெல்லாம் இல்ல! பாயிண்ட் பாயிண்ட்தான்!" நடுவர் யோசித்தார். பெட்டியை ஜெனிட்டா என்னென்னவோ விதத்தில் சோதித்திருந்தாள். பந்து காற்றில் இருக்கும்போது அது மாறினால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

நூர்ஜஹான் நடுவரிடம் நடந்து போனாள். "திரும்ப ஆடுறோம் சார்."

"நூரு! என்னடி பண்ற!" என்று அவள் அணியிலிருந்தே ஒருத்தி கத்தினாள்.

"போன வருஷம் காசுல போச்சு. இந்த வருஷம் நிழல்ல வந்துச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது. திரும்பப் போடுங்க சார்."

அதற்குள் ஜெனிட்டா பெட்டியைத் திறந்துவிட்டாள். வடக்குப் பக்கம் ஆறிப் பற்றியதும் அடுத்து தெற்குப் பக்க விளக்குகள் மாறும். அதுவும் ஒரு பாயிண்டின் நடுவில் வந்தால்? உள்ளேயிருந்த ஒரு குமிழைத் திருகி, மாற்றத்தை நிறுத்திவைத்து, ஆட்டம் முடியும்வரை அதைவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள். முதுகுதான் மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது. "என்னங்க, என்ன ஆச்சு? சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்று சற்றுத் தள்ளி ஜெனரேட்டர் பக்கம் நின்ற ஆன்டோவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"14–14," என்றான் ஆன்டோ.

"ஐயோ!"

"15–14. நமக்கு."

"அப்புறம்?"

"இரு, சொல்றேன். 15–15."

"வேகமா சொல்லுங்களேன்!"

"அவங்க வேகமா ஆடினாத்தானே நான் வேகமா சொல்ல முடியும்!"

16–15. அடுத்த பந்தில் ஸ்ம்ருதி தன் முழு உயரத்துக்கும் எழும்பி நெட்டுக்கு மேலே சுவர் வைத்தாள். நூர்ஜஹான் ஓங்கிய கையை அடிக்காமல் நிறுத்தி, விரல் நுனியால் பந்தை மெல்லத் தட்டினாள். அது ஸ்ம்ருதியின் தலைக்கு மேலாகப் பூப்போல ஏறி, பின்னால் யாரும் இல்லாத இடத்தில் விழுந்தது.

ஆன்டோ எண்ணைச் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடினான். ஓடிப் போய் ஜெனிட்டாவைத் தூக்கினான். அவள் ஒரு கையை இன்னும் குமிழிலேயே வைத்திருந்ததால் பாதிதான் தூக்க முடிந்தது. நூர்ஜஹானும் மற்ற பெண்களும் வந்து மீதியைத் தூக்கினார்கள். நான் மைக்கில் என்னென்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. இலக்கணம் இல்லை என்று மாணவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது ஸ்ம்ருதி துண்டால் முகத்தைத் துடைத்தபடி பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, இது நீங்களே செஞ்சதா? எங்க மைதானத்திலயும் இதே லைட்டுதான். பாதி நாள் இருட்டுல உக்காந்துட்டு வீட்டுக்குப் போறோம். எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?"

"உங்க நிழலை முன்னாடி தள்ளினது இதுதாம்மா," என்றாள் ஜெனிட்டா சங்கடமாக.

"அதை மட்டும் சரி பண்ணிட்டுக் குடுங்கக்கா."

சரி செய்வதற்கு வழி கிடைத்தது. நடுவர் மேசையில் ஒரு பொத்தான். கரண்ட் நிலையாக வந்துவிட்டால் அங்கே ஒரு பச்சை விளக்கு எரிந்து காத்திருக்கும். பாயிண்ட் முடிந்து நடுவர் பொத்தானை அழுத்திய பிறகுதான் விளக்குகள் மாறும். மனிதக் கையே கூடாது என்று ஒரு வருடம் அடம்பிடித்தவள், ஒரே ஒரு விரலுக்கு இடம் கொடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறையில் பெட்டியை மாட்டினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பொழுது சாய்ந்ததும் விளக்குகள் எல்லாம் முழு வெளிச்சத்துக்கு வந்தன. இருபது முப்பது பெண்கள் பயிற்சியை நிறுத்திவிட்டு அவளைச் சுற்றி நின்றார்கள். கரண்ட் தானாகப் போகும்வரை காத்திருக்க ஜெனிட்டாவுக்குப் பொறுமை ஏது?

"யாரு மெயின் சுவிட்சை இறக்குறீங்க?" என்று கேட்டாள். முப்பது கைகள் உயர்ந்தன. ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க முடியாமல், "சரி, எல்லாரும் வாங்க!" என்றாள்.